அலாரம் அக்கா கூப்பிடாத ஒருவர்

312. பத்தொன்பது ஆண்டுகளில் அவருடைய மேசையைத் தாண்டி முனைவர் பட்டம் வாங்கியவர்களின் எண்ணிக்கை அது. பல்கலைக்கழகத்தில் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளைக் கவனிக்கும் அலுவலகத்தின் நிர்வாகி அவர். பட்டமளிப்பு மேடையில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஆனால் அங்கி மாட்டிக்கொண்டு இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் படம் எடுத்துக்கொள்ள முதலில் தேடுவது அவரைத்தான்.

மாணவர்கள் வைத்த பெயர் அலாரம் அக்கா. ஆராய்ச்சிக்கான காலக்கெடு முடிவதற்குள் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு தானாக ரத்தாகிவிடும். நினைவூட்டும் மின்னஞ்சலும் தானாகவே போகும். ஆராய்ச்சி மாணவர்கள் மின்னஞ்சல் படிக்கும் லட்சணம் தெரிந்தவர் என்பதால், கெடு நெருங்கினால் அவர் போனை எடுத்துவிடுவார்.

"என்ன சார், உயிரோட இருக்கீங்களா? இருந்தா புதன்கிழமைக்குள்ள வந்து கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா போனை வீட்ல யார்கிட்டயாவது குடுங்க."

பிரசவத்துக்குப் போன மாணவியைக்கூட விட்டதில்லை. கணவரை வரவழைத்து வேலையை முடித்திருக்கிறார்.

சொந்தத் தம்பி அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, "அக்கா உள்ள இருக்காங்க, அப்புறம் என்ன" என்று அவர் காதுபடவே பேசினார்கள். உறவினரின் கோப்பைத் தொடக் கூடாது என்பது விதி. அன்றே அதைப் பக்கத்து மேசை எழுத்தரிடம் கொடுத்துவிட்டார். விதி கேட்காத ஒன்றையும் செய்தார். வீட்டில் ஆபீஸ் பேச்சே கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். தம்பி குடும்பம் மாடியில், அவர் கீழே. குழந்தையின் காய்ச்சல், ஒழுகும் குழாய் எல்லாம் பேசினார்கள். ஆராய்ச்சியைப் பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை.

தம்பி பகலில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மிச்ச நேரத்தில்தான் ஆய்வு. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. போன மாதம் ஒருநாள் நூலக வாசலில் அவருடைய கார்டை இயந்திரம் ஏற்கவில்லை. அக்காவின் அலுவலகத்துக்கு வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்றார்.

"கார்டு வேலை செய்யலக்கா."

அக்கா அட்டையில் இருந்த எண்ணைக் கணினியில் தட்டினார். பதிவு ரத்து என்று வந்தது. கெடு முந்தின வாரமே முடிந்திருந்தது.

எழுத்தர் பதறி எழுந்தார். "ஒரே வீடு. நீங்க சொல்லாமயா இருப்பீங்கன்னு விட்டுட்டேன் மேடம்."

"நீ கூப்பிடுவன்னு இருந்தேன்," என்றார் தம்பி. "கூப்பிடலைன்னதும் இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சுட்டேன்."

"உன் ஃபைலை நான் பார்க்கவே கூடாதுடா."

"ஃபைலை யாரு பார்க்கச் சொன்னா? ஊருக்கெல்லாம் போன் போடற. மாடிப்படியில தினம் என்னைப் பார்க்கற. எப்படா முடியுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

வரிசையில் நின்றவர்கள் சுவரில் இருந்த அறிவிப்புகளைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

பழைய தேதியில் ஒரு நீட்டிப்பு மனு வாங்கிக்கொள்ளலாம், பழியை நான் ஏற்கிறேன் என்றார் எழுத்தர். அக்கா தலையை அசைத்து மறுத்தார். தம்பியை முறைப்படி மேல்முறையீடு எழுதச் சொல்லி, அன்று மதியம் டீன் அறைக்குத் தானே எடுத்துப் போனார். தனக்காக அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் முறை.

டீன் நல்லவர். அதுதான் சங்கடம்.

"போன வருஷம் அந்த வேதியியல் பொண்ணு, அப்பாவை ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டதுல உங்க போனையே எடுக்கலைன்னு அழுதுச்சு. குடுத்துடலாம்னு நான் சொன்னேன். ஒருத்தருக்குத் திறந்தா அப்புறம் மூட முடியாதுன்னு சொன்னது யாரும்மா?"

"நான்தான் சார்."

"இப்ப நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் மேல்முறையீட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. தம்பி புதிதாகப் பதிவு செய்யலாம், முதல் ஆண்டிலிருந்து. அந்த எண்ணமே இல்லை என்று சொல்லிவிட்டார். அதையும் ஆய்வு வழிகாட்டியிடம்தான் சொன்னார். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இப்போது தம்பி மனைவிதான் தூது. மற்ற மாணவர்களை அக்கா வழக்கம்போல் கூப்பிடுகிறார். குரலில் கேலி மட்டும் இல்லை என்கிறார்கள்.

ஆராய்ச்சி அறையில் தம்பி உட்கார்ந்திருந்த இடம் வரும் திங்கட்கிழமை ஒரு புதிய மாணவிக்குப் போகிறது. இழுப்பறைச் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டியது அக்காவின் வேலை.