இருவருக்கும் ஒரு பூட்டு

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் மாட்டுத் தீவனம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தீவனத்தைக் கொண்டுபோகும் பெல்ட்டுகளைப் பராமரிப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் மன்னாரிலிருந்து வந்த ஒரு அண்ணையும். சனிக்கிழமை காலையில் ஆலையை நிறுத்துவார்கள். ரோலர்களில் அப்பியிருக்கும் தீவனத்தைச் சுரண்டுவோம், கிரீஸ் அடிப்போம், பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினால் நேராக்குவோம். திங்கட்கிழமை பார்த்தால் மறுபடியும் அப்பிக் கிடக்கும். முடித்துவிட்டோம் என்று ஒருநாளும் சொல்ல முடியாத வேலை. பதினான்கு வருடம் அதைத்தான் செய்தோம்.

மெயின் சுவிட்சை அணைத்ததும் அதில் ஆளுக்கொரு பூட்டுப் போட வேண்டும். எல்லாப் பூட்டையும் கழற்றும்வரை யாராலும் பெல்ட்டை ஓடவிட முடியாது. டேனிஷ்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் என் பூட்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

"நீ பூட்டினாப் பிறகு நான் என்னத்துக்குப் பூட்டுறது? உன்னை நம்பாமலோ?" என்பார் அண்ணை. எனக்கும் அது பெருமையாக இருந்தது. நீங்களும் போடுங்கோ என்று சொன்னால் அவரை அந்நியராக்குவதுபோல இருக்கும் என்று நினைத்தேன். இவர்களுக்கு ஆளையாள் நம்பத் தெரியாது என்று டேனிஷ்காரர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மடையர்கள் நாங்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை, "முடிஞ்சுது தம்பி, ஓடவிட்டுப் பார்" என்றார். ஓடவிடுமுன் பெல்ட்டின் ஓரமாகக் கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும். நான் நடக்கவில்லை. பூட்டைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டேன். அதற்குள் அவர் கடைசி ரோலரில் ஏதோ ஒட்டியிருக்கக் கண்டு, இன்னொருமுறை துடைக்கத் திரும்பிப் போயிருந்தார். கத்தின சத்தம் கேட்டுத்தான் பெல்ட்டை நிறுத்தும் அவசரக் கயிற்றை இழுத்தேன். அவருடைய வலது கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

நடந்து பார்த்தாயா என்று மேலாளர் விசாரித்தார். ஆம் என்றேன். ஆஸ்பத்திரியில் அண்ணையிடம் மேலாளர் கேட்டபோது, தான்தான் பூட்டுப் போட மறந்துவிட்டதாகச் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு வேலை இருக்கிறது. அவருக்கு இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுவதென்று ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவருடைய மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு அழத் தொடங்கினார்.

"தம்பி, நீங்கள் அந்தக் கயித்தை இழுத்தபடியால்தான் இவர் உயிரோட இருக்கிறார்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும்.

"ஓம், இவன்தான் காப்பாத்தினவன்" என்றார்.

இனி உண்மையைச் சொன்னால் மனைவிக்கு முன்னால் அவரையும் பொய்யராக்க வேண்டும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதன்பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு அண்ணை பலகாரப் பையோடு என் கதவைத் தட்டுகிறார். வலது கை ஜாக்கெட் பைக்குள் இருக்கும்.

"இடக்கையால தாறன். குறை நினையாதை தம்பி" என்கிறார், ஒவ்வொரு முறையும்.

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.