அண்ணியின் வைரஸ் ஸ்கேன்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டால் எழுந்து உட்கார முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அத்தனை நேரமும் வைரஸ் ஸ்கேன் ஓடும். அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வைரஸ் சிக்கிய நொடியில் பொத்தானை அழுத்தி அதைக் கொல்ல வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவள் அண்ணிதான். வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் அவள் ஒருத்தி என்பதால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

அப்போது திருவொற்றியூரில் இருந்தோம். அண்ணனுக்கு ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை. அவன் கொண்டுவரும் சரக்குப் பட்டியல்களை அண்ணி வீட்டிலேயே டைப் அடித்து ஃபிளாப்பியில் போட்டுக் கொடுப்பாள். அந்த ஃபிளாப்பி துறைமுகமெல்லாம் சுற்றி வருவது, அதனால் வைரஸ் பயம் எங்களுக்கு நியாயமாகவே பட்டது. விடியற்காலையில் தண்ணி லாரியில் குடம் பிடிப்பதில் தொடங்கி ஒன்பது மணிக்குள் அவள் செய்து முடிக்கும் வேலையைப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்கும். ஒன்பதுக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு, இட்லித் தட்டோடு உட்கார்ந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொள்வாள். ஸ்கேன் ஓடும்போது அம்மா அவளைக் கூப்பிட மாட்டாள். மிக்ஸிகூடப் போட மாட்டாள்.

எனக்குப் பத்து வயது, முழுப்பரீட்சை லீவு. ஸ்கேன் முடிந்து அண்ணி வேலையைத் தொடங்கிவிட்டால் அப்புறம் எனக்குக் கார் ரேஸ் கிடையாது. அந்த முக்கால் மணி நேரத்தை எப்படியாவது பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்த எதிர்வீட்டுக்காரரிடம் ஸ்கேனை நிறுத்த வழி விசாரித்தேன். அண்ணி மாடியில் துணி காயப்போட்ட நேரம் பார்த்து, ஸ்கேன் தானாக ஓடும்படி கட்டத்தில் போட்டிருந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

மறுநாள் ஒரே நிமிடத்தில் கம்ப்யூட்டர் தயார். நான் போட்ட கத்தல் சமையலறை வரை கேட்டது.

“இன்னாம்மா, அதுக்குள்ள வந்துட்ச்சா? அப்போ இந்தக் காரப்பொடி மீனைக் கயுவிட்டு வந்து குந்து,” என்றாள் அம்மா அண்ணியிடம்.

அண்ணி ஒரு இட்லிதான் சாப்பிட்டிருந்தாள். தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தம்.

அதற்கடுத்த நாள் ஸ்கேன் திரும்பி வந்தது. இந்த முறை ஒரு மணி நேரம்!

“யாரோ நோண்டி வச்சதுல வைரஸ் உஷாராயிட்ச்சி அத்தை. இனிமே மூலைமுடுக்கெல்லாம் தேடணும்,” என்று அம்மாவிடம் சொன்னாள் அண்ணி, என் பக்கம் திரும்பாமலே. நான் மெல்ல வாசல் பக்கம் நழுவினேன். ஆனால் சாயங்காலம் அவளே கூப்பிட்டு அரை மணி நேரம் கார் ரேஸ் ஆட விட்டாள். அப்படி ஒரு கெட்டிக்காரியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

லீவு முடியும் சமயம் ஒரு நாள் அம்மா அவளைத் தேடி வந்தாள். திரையில் கோடு முழுதாக நிரம்பி, ஸ்கேன் முடிந்தது, வைரஸ் ஏதுமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அண்ணி நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா திரையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

“இன்னும் ஓடிக்கினு கீது. நீ சத்தம் போடாம வெளிய போய் ஆடு,” என்று என் காதில் சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கத் தானே போனாள்.

பாவம், அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.