அம்பதில் நின்ற முள்

மீமிசலில் மீன் ஏற்றி விடியற்காலையில் புதுக்கோட்டைக்குக் கிளம்பும் வண்டிக்காரர்களில் ஆத்மநாதனுக்கு ‘அம்பது’ என்று பட்டப்பெயர். ஐஸ் கரையுதுன்னு வியாபாரிகள் போனில் கத்தினாலும் அவர் வேக மீட்டரின் முள்ளை அம்பதுக்கு மேலே ஏற விடமாட்டார். ஆவுடையார்கோவில்காரர், நாற்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருஷ ஓட்டத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. மார்க்கெட்டில் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

போன ஆவணியில்தான் அது நடந்தது. அறந்தாங்கிக்கு முன்னால், ஒரு ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில், மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் மெயின் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமிருந்த தன் வயலுக்குப் போகத் திரும்பினார். ஆத்மநாதன் பிரேக்கை மிதித்தார். வண்டி கிட்டத்தட்ட நின்றேவிட்டது. கடைசி ஒரு முழத்தில்தான் மொபெட்டின் பின்சக்கரத்தைத் தட்டியது. பெரியவர் விழுந்தார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

ஆத்மநாதன் ஓடிப்போய்விடவில்லை. தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்டேஷனில் கேட்டபோது, “அம்பதுலதான் சார் வந்தேன், மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்” என்றார். மலையாண்டி என்ற அந்தப் பெரியவர், “வண்டி அந்தா தூரத்துல பாலத்துக்கிட்ட வரும்போதே பார்த்துட்டேன். பார்த்துட்டுத்தான் திரும்புனேன்” என்றார். ஊரில் விசாரித்தார்கள். ஆத்மநாதனைப் பற்றி எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அப்புறம் பெரியவர் சொன்னதை யார் காதில் போட்டுக்கொள்வது? கண் மங்கிப்போன மனுஷன் குறுக்கே வந்துவிட்டார் என்று முடிவாயிற்று. அவர் வீட்டாரும் கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, சித்திரையில் ஒரு நாள், திருச்சியில் கல்லூரிக்குப் போகும் மகள் இலக்கியாவை லீவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். காலி வண்டி. முன்சீட்டில் போனை வைத்துக்கொண்டு வழி பார்த்துக்கொண்டு வந்தவள் சொன்னாள்:

“அப்பா, என்ன இன்னிக்கு வேகமா வாறீங்க? போன்ல அறுபது காட்டுது.”

“ஒன் போனுக்கு என்ன தெரியும்? இங்க பாருத்தா, அம்பது.”

எட்டிப் பார்த்தாள். முள் அம்பதில்தான் நின்றது. போனைப் பார்த்தாள். அறுபது.

“ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுப்பா” என்றாள் சிரித்துக்கொண்டே. “மைல்கல்லை வச்சுப் பார்த்துருவோமா? அம்பதுல போனா ஒரு கிலோமீட்டருக்கு எழுபத்திரண்டு செகண்டு ஆகணும்.”

ஆத்மநாதன் முள்ளை அசையாமல் பிடித்தார். ஒரு கல்லில் அவள் கணக்கை ஆரம்பித்து அடுத்த கல்லில் நிறுத்தினாள். அறுபது செகண்டு. மறுபடி பார்த்தார்கள். அறுபதுதான். பத்துக் கல் தாண்டியபோது மீட்டரில் ஓடியிருந்தது எட்டு கிலோமீட்டர் சொச்சம்.

“மீட்டர்தான்ப்பா தப்பு” என்று சொல்லிவிட்டு அவள் போனில் வேறு எதையோ பார்க்கப் போய்விட்டாள். ஆத்மநாதன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங் மேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னப்பா, என்னப்பா என்று அவள் கேட்க, மீட்டரைக் காட்டி, “ஆவணியிலயும் இதைப் பார்த்துத்தானே வந்தேன்” என்றார்.

மறுநாள் திருக்கோகர்ணத்தில் இருக்கும் மெக்கானிக் ரெங்கராஜின் பட்டறைக்குப் போனார். போன ஆனியில் அவன்தான் வண்டிக்குப் பெரிய அளவு டயர் போட்டுவிட்டவன். அதோடு, டீசல் மிச்சமாகும் என்று பின்சக்கர அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தையும் வேறு அளவில் மாற்றிக் கொடுத்திருந்தான்.

ரெங்கராஜ் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். “ஆமாண்ணே. மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்லேருந்து வருது. அதுக்குப் பின்னால நாம மாத்துனது எதுவும் அதுக்குத் தெரியாது. அது பழைய சக்கரம்னு நெனச்சே கணக்குச் சொல்லிக்கிட்டு இருக்கு. அன்னிக்கே சேர்த்துப் பார்த்திருக்கணும், விட்டுப்போச்சு.”

“மைலேஜ் கூடவேயில்லன்னு ஒன்கிட்ட ரெண்டு தடவை வந்து சண்டை போட்டேனே, அப்பக்கூடவா தோணல?”

“ஒங்களுக்கும்தானே தோணல?”

ஆத்மநாதன் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

ரெங்கராஜ் வண்டிக்கு அடியில் படுத்து, கேபிள் சேரும் இடத்தைக் கழற்றி, சுண்டுவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை எடுத்து வந்தான். பதினெட்டுப் பல். பழைய சாமான் கடையில் தேடிப் பதினைந்து பல் உள்ளதைக் கொண்டுவந்து மாட்டினான். பல் குறைந்தால் அது வேகமாகச் சுற்றும், முள்ளும் அதற்கேற்ப ஏறும். நார்த்தாமலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது கல்லும் போனும் மீட்டரும் ஒன்றையே சொல்லின. அரை நாள் வேலை.

திரும்பி வரும்போது ஆத்மநாதன் ஆவணியில் நடந்ததைச் சொன்னார். ரெங்கராஜுக்கு முகம் மாறிவிட்டது.

“அதை ஏண்ணே இப்பப்போயி கிளர்றீங்க? அவரு காலு கூடிருச்சு. கேஸும் இல்ல. நீங்களா சொன்னாத்தான் யாருக்கும் தெரியும்.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. நான்கு நாள் ஆத்மநாதனும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை, பொய்யும் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு முழம் அவரை விடவில்லை. நிஜமாகவே அம்பதில் வந்திருந்தால் வண்டி மொபெட்டைத் தொடாமலே நின்றிருக்கும். தினமும் அந்த விலக்கைக் கடக்கும்போது கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

ஐந்தாம் நாள் மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் வண்டியை அந்த ஊருக்குள் விட்டார்.

மலையாண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். “வாங்க தம்பி” என்றார், அதில் சூடுமில்லை, குளிர்ச்சியுமில்லை. அவர் மனைவி சின்னப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஆத்மநாதன் சொம்பைத் தொடவில்லை. நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். டயர் மாற்றியது, மீட்டர் குறைத்துக் காட்டியது, கல்லை எண்ணிப் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “நான் அன்னிக்கு அறுபதுல வந்துருக்கேன்யா. நீங்க சொன்னதுதான் சரி. நான் வேகமாத்தான் வந்தேன்” என்றார்.

மலையாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மனைவியைப் பார்த்து, “கேட்டியா?” என்றார். அவ்வளவுதான்.

சின்னப்பிள்ளைதான் வெடித்தார். “எட்டு மாசமா இந்த மனுஷனை நாங்க என்னென்ன பேச்சுப் பேசிப்புட்டோம் தெரியுமாய்யா? கண்ணு அவிஞ்சுபோச்சுன்னேன். சிங்கப்பூர்லேருந்து மகன் போன் போட்டு மொபெட்டை விக்கச் சொன்னான், வித்துட்டோம். வயலைக் குத்தகைக்கு விட்டாச்சு. கண்ணாஸ்பத்திரியில ஒரு கொறையும் இல்லன்னாங்க, அதைக்கூட நாங்க நம்பல!”

“நானே நம்பலையே” என்றார் மலையாண்டி. குரல் தாழ்ந்திருந்தது. “பாலத்துக்கிட்ட இருக்கிற வண்டிக்கு முன்னால நான் எத்தனையோ வருஷமாப் போயிருக்கேன் தம்பி. அன்னிக்கு மட்டும் அது எப்புடி அதுக்குள்ள வந்துச்சு? எனக்கே எங் கண்ணு மேல சந்தேகம் வந்துருச்சு. அதுலேருந்து தனியா ரோட்டைத் தாண்டுறதில்ல. ஒரு ஆளு கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறது.”

“ஸ்டேஷன்ல வந்து எழுதிக் குடுக்குறேன்யா. என்ன வந்தாலும் வரட்டும்.”

“ஸ்டேஷன் கெடக்கட்டும். எம் மகன்கிட்டச் சொல்லுங்க.”

சின்னப்பிள்ளை போனைப் போட்டுக் கொடுத்தார். மகன் வெற்றிச்செல்வன் வேலையில் இருந்தான். ஆத்மநாதன் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கம் மெஷின் சத்தம் தேய்ந்தது, அவன் வெளியே வந்துவிட்டான். பிறகு அவன் கோபமாக நாலு வார்த்தை சொன்னான். ஆத்மநாதன் மறுக்காமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், “அப்பாகிட்டக் குடுங்க” என்றான். மலையாண்டி போனைக் காதில் வைத்து, “ம்… ம்… அதனாலென்னப்பா… அழுவாத, வேலையப் பாரு” என்றார்.

போனை வைத்ததும் பெரியவர் எழுந்தார். கம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். லேசாக நொண்டினார். இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். மெயின் ரோட்டு ஓரத்தில் போய் நின்றார். சின்னப்பிள்ளை கையைப் பிடிக்கப் போனார். “விடு” என்றார் மலையாண்டி.

அறந்தாங்கிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. அதை விட்டார். பாலத்துப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. அதையும் விட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கார் புள்ளியாகத் தெரிந்தது. அதை உற்றுப் பார்த்தார். பிறகு அவசரமில்லாமல் நடந்து ரோட்டைத் தாண்டினார். அவர் வரப்பில் ஏறி நின்ற பிறகுதான் கார் கடந்து போனது.

அங்கே நின்று தன் வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். உடனே முகம் சுருங்கியது.

“இங்கிட்டு வந்து பாருங்க தம்பி, எள்ளுக்குள்ள களையை எப்புடி விட்டு வச்சுருக்கானுங்கன்னு!”

ஆத்மநாதன் இரண்டு பக்கமும் பார்த்தார். வந்த இரண்டு வண்டிகளும் போகும்வரை நின்றார். அப்புறம் ரோட்டைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார்.