மூன்றாவது அத்தியாயமும் முந்தின சாயங்காலப் பேப்பரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்த பேப்பரில் இந்தியா இன்னும் பேட்டிங் செய்துகொண்டிருந்தது. முப்பத்தோராவது ஓவர், நாலு விக்கெட். அதற்குள் அச்சுக்குப் போய்விட்டார்கள்.

எதிர்வீட்டு பேங்க்காரர் சென்னையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் அதே பேப்பர், அதே தேதி. அதில் இந்தியா ஜெயித்தே விட்டது! கலர் போட்டோ வேறு.

“இன்னா சார், உங்க பேப்பரு இன்னும் தூங்குது?” என்று சிரித்தார்.

முப்பது வருஷம் பத்திரிகை ஆபீஸில் குப்பை கொட்டியவனிடமா இந்தக் கேள்வி? வெளியூர்ப் பேப்பரை முன்னாடியே அடித்து அனுப்பிவிடுவார்கள் சார் என்று ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் இன்னும் மோசம்... ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று சாயங்காலமே அடித்து, மறுநாள் தேதியைப் போட்டு ஏற்றிவிடுவார்கள். ‘டாக் எடிஷன்’ என்று பெயர். அதற்குப் பிறகு உலகமே இடிந்து விழுந்தாலும் அந்தப் பேப்பரில் வராது.

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஐயையோ... அமுதாவின் மூன்றாவது அத்தியாயம்!

அமுதா என் மச்சான் மகள். மச்சான் தேவனாம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி, வரலாற்றில் எம்.ஃபில்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் இது. 1941-ல், ஈரான் உலகப் போரில் யார் பக்கமும் சேராமல் ஒதுங்கியிருந்த நாடு. பிரிட்டிஷ் படை ஒரு பக்கம், ரஷ்யப் படை ஒரு பக்கம் புகுந்து உட்கார்ந்துகொண்டன. அக்கம்பக்கத்து நாட்டுப் பத்திரிகைகள் அதைப் பற்றி என்ன எழுதின? பாகிஸ்தான் பிறக்காத காலம், ஆகவே ஈரான் நமக்குப் பக்கத்து வீடு. புகுந்த படையில் நம் ஊர்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். நம் பத்திரிகைகளுக்கு எவ்வளவு தர்மசங்கடம், பாருங்கள்!

துருக்கிக்கு ஓர் அத்தியாயம். அவர்களுக்கு, அடுத்து நம் கதவைத் தட்டுவார்களோ என்ற கவலை. மூன்றாவது அத்தியாயம் ஒரு தமிழ்ப் பேப்பருக்கு. படை புகுந்த மறுநாள் தேதியிட்ட பேப்பரில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சர்க்காருக்குப் பயந்து ஆசிரியர் வாயைக் கட்டிக்கொண்டார் என்று பக்கம் பக்கமாக வாதாடியிருந்தாள். ப்ரூஃப் பார்த்தது நான். “பிரமாதம்மா!” என்று தட்டிக்கொடுத்து, ‘ஒரு நாள் மௌனம்’ என்று தலைப்பு வைத்ததும் நானேதான்.

அவள் படித்த பேப்பரெல்லாம் கடலூரில் ஒரு பழைய வக்கீல் வீட்டில் பைண்ட் செய்து வைத்திருந்தவை. அதாவது... ரயிலில் வந்தவை.

ஆசிரியர் பயந்தாரா, செய்தி வருவதற்குள் ரயில் கிளம்பிவிட்டதா? சென்னைப் பதிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதிலும் இல்லையென்றால் அமுதா சொன்னதே சரி. இருந்தால் அத்தியாயம் அம்பேல். தீசிஸ் கொடுத்தாகிவிட்டது, வியாழக்கிழமை வைவா. விருத்தாசலம் பக்கம் ஒரு காலேஜில் லெக்சரர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சர்ட்டிபிகேட் காட்ட வேண்டும். இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை.

“வைவா முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. பொண்ணு பயந்து கெடக்குது” என்றாள் என் மனைவி. அவள் பேச்சைக் கேட்டுத்தான் சும்மா இருந்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷ அனுபவத்தில் இதைக் கோட்டை விட்டீர்களா என்று அந்தப் பெண் முகத்துக்கு நேரே கேட்டால்?

திங்கட்கிழமை போன் செய்தாள். “மாமா, மூணாவது சாப்டர்தான் ஸ்ட்ராங்குன்னு கைடு சாரே சொல்றாரு!”

“ஆமாம்மா” என்றேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதே கதை. வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினர் இதைக் கேட்டுவிட்டால் பெண் என்ன செய்வாள்? கேட்காமல் விட்டால் காலம் பூரா அந்தத் தப்பு அவள் பெயரிலேயே கிடக்குமே?

புதன்கிழமை மத்தியானம் தாங்கமுடியாமல் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஹாஸ்டல் வாசல் ஜூஸ் கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உங்களுக்கு எப்ப மாமா தெரிஞ்சுது?”

“இன்னிக்குக் காலையிலதாம்மா.”

எப்படித்தான் வாயில் வந்ததோ!

வியாழக்கிழமை நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கும் முன்பே அமுதா எழுந்து, “சார், என் மூணாவது அத்தியாயத்துல ஒரு ஓட்டை இருக்கு” என்று தானே ஆரம்பித்தாள். எக்ஸாமினர் முழுக்கக் கேட்டார். “நல்லதும்மா. சென்னைப் பதிப்புல என்ன இருக்கு?” என்றார்.

“இன்னும் பாக்கல சார்.”

“பாத்து எழுதிக் குடு. அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”

சாயங்காலமே சென்னைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

பத்திரிகை வாய்மூடி இருந்தால் அதற்கு ரயில்கூடக் காரணமாக இருக்கலாம். மனுஷன் வாய்மூடி இருந்தால்? எனக்குத் தெரிந்து பெரும்பாலும் பயம்தான். பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் நமக்கு முதல் கவலை நம் கூரைதான். அதை எழுத ஈரானுக்கா போக வேண்டும்?

இன்று காலை இதை எழுத உட்கார்ந்தபோது சென்னையிலிருந்து போன்.

“மாமா, லைப்ரரியில அந்த வருஷத்து வால்யூம பைண்டிங்குக்கு அனுப்பிட்டாங்களாம். செவ்வாய்க்கெழம வரைக்கும் இங்கதான் இருந்துதாம். எப்ப வரும்னு யாருக்கும் தெரியல.”

அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

“விடுங்க மாமா. நீங்க இன்னா பண்ணுவீங்க? உங்களுக்கே புதன்கெழமதான தெரியும்!”

அமுதா, வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள் நீ... எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும்மா.