ஒன்பது அங்குலத்தில் இரண்டு நூல்

எங்கள் ஊரில் அட்டையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? பிரஸ்ஸுக்குப் பிரஸ் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. என் வீட்டுக்காரரே திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷினில் நிற்கிறவர். அதனால் போன் வீடியோவில் தையல் சொல்லித்தருகிற பெண், "முதலில் அட்டை ஸ்கேல் செட் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நானே செய்துகொள்கிறேன் தாயே என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதுவரை அளவு ஜாக்கெட்டை வாங்கித் துணிமேல் விரித்து வெட்டிக்கொண்டிருந்தவள் நான். இனிமேல் உடம்பளவு எடுத்து, பேப்பரில் வரைந்து, பெரிய டெய்லர் மாதிரி தைப்பது என்று முடிவு. கைக்குழி வளைவுக்கு, எனக்கு நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைப் பிரித்துக் காலண்டர் அட்டையில் வைத்து வரைந்து வெட்டினேன். கழுத்துக்கு டிபன் பாக்ஸ் மூடி. மிச்சம் இருந்தது எல் வடிவ ஸ்கேல். பெரிய சைஸ் நோட்டுக்கு அச்சடித்த மேலட்டைத் தாள்கள் வேஸ்ட்டில் வந்திருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அங்குலம், நூல் எல்லாம் போட்ட ஸ்கேல், பக்கத்தில் ஒரு முயல். இரண்டு ஓரங்களைக் கத்தரித்துத் தடித்த அட்டையில் ஒட்டினேன். முயலையும் வெட்டாமல் விட்டேன், அழகாக இருக்கட்டும் என்று. அதை நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

முதலில் மாட்டியவள் அடுத்த வீட்டுக்காரி. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள், என்னை மதினி என்று கூப்பிடுவாள். அடுத்த மாதம் இருக்கன்குடியில் தம்பி மகளுக்குக் காதுகுத்து. அதற்குப் பட்டு ஜாக்கெட். "அளவு ஜாக்கெட்டெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி, டேப்பால் உடம்பை அளந்து, என் ஸ்கேலால் வரைந்து தைத்தேன். போட்டுப் பார்த்தாள். கொக்கி எட்டவில்லை.

"கொஞ்சம் பிரிச்சு விடுங்க மதினி" என்றாள்.

ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். எனக்கு வாய் வேறு நீளம். "பட்டைப் பிரிச்சா ஊசித் தடம் தெரியும். அளந்ததுக்குப் பொறவு நீ சதை போட்டுட்ட. ராத்திரிச் சோத்தை விட்டுப் பாரு, தானா எறங்கும்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. ஜாக்கெட்டை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

சில வாரம் கழித்து, நான் வரைந்துகொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் ஸ்கேலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது நோட்டு அட்டையில டிசைனுக்குப் போட்ட படம்ல? தாள் சைஸுக்குச் சுருக்கி அடிச்சது. இத வச்சா அளக்க?"

டேப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது அங்குலத்தில் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குறைந்தது. ஜாக்கெட்டுக்கு முன்னும் பின்னுமாக நாலு பாகம். சுற்றளவில் ஒரு அங்குலம் போயே போய்விட்டது. அச்சு ஊரில் வாழ்க்கைப்பட்டு, படத்துக்கும் அளவுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருத்தியைக் குண்டாக்கியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எப்படிச் சொல்வது என்று நான் மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோதே, சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்று, அவள் நேராக என் வீட்டுக்குள் வந்தாள். ஜாக்கெட்டை வாங்கிப் போட்டாள். எல்லாக் கொக்கியும் மாட்டியது.

"பாத்தீகளா மதினி, நீங்க சொன்னது சரிதான். ராத்திரி வெறுந்தண்ணிதான் குடிச்சேன். மத்தியானம் ஆனா கொஞ்சம் கிறுகிறுன்னு வருது. மருந்து ரூம்ல ஒக்காராதேன்னு போர்மேன் வெளிய அனுப்பிட்டாரு. வேற ஒண்ணுமில்ல."

வெடிமருந்து கலக்குகிற ரூமில் கிறுகிறுப்பு. கை ஒரு தரம் தடுமாறினால் போதும். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கருத்து, அவள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. இப்படியே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"நீ சதை போடல" என்றேன். "என் ஸ்கேல்தான் தப்பு. ஒன் ஒடம்பு அன்னைக்கே சரியாத்தான் இருந்துச்சு."

டேப்பையும் ஸ்கேலையும் சேர்த்து வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். முயலை விரலால் ஒருமுறை தடவினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"என்ன கொளம்பு வச்சிருக்கீக?" என்றாள்.

"கத்திரிக்கா."

"போடுங்க."

பட்டு ஜாக்கெட்டைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மறுசோற்றுக்குத் தட்டை நீட்டியபோது, மற்றொரு கையால் கீழ்க்கொக்கியைக் கழற்றி விட்டுக்கொண்டாள்.