ஆணியில் தொங்கிய தோல் துண்டு

என் மேசைக்கு மேலே, ஆணி அடித்த ஒரு சிறு பலகை மாட்டியிருக்கிறது. போன மாதம்வரை அந்த ஆணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. குரோமியத்தில் பதப்படுத்திச் சாயம் ஏற்றாமல் விட்ட ஆட்டுத்தோல். முதலில் வெளிர்நீலமாக இருந்தது, வருடங்கள் போகப்போகச் சாம்பல் நிறமாகிவிட்டது. மழைக்காலத்தில் லேசாக வாடை வரும் என்று என் மனைவி முகம் சுளிப்பாள். வீடு மாறும்போதெல்லாம் துண்டைக் கழற்றாமல் பலகையோடுதான் எடுத்துப் போனேன். கழற்ற எனக்கு உரிமை இல்லை. மாட்டியவன்தான் கழற்ற வேண்டும்.

மாட்டியவன் என் கூட்டாளி. எண்பதுகளின் நடுவில் வேலூரில், ஒரு வீட்டின் மாடி அறையை வாடகைக்கு எடுத்து நாங்கள் இருவரும் ஒரு மின்னணுப் பட்டறை வைத்திருந்தோம். நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் பொறியியல் படித்துவிட்டு வந்தவன். அவன் ஆம்பூர்க்காரன். மேல்விஷாரம் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். அப்பா இல்லாத அவனை வளர்த்தது தாய்மாமன். மாமாவுக்கு ஆம்பூரில் தோல் ஷாப் இருந்தது; தோல் பதனிடும் டேனரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மருமகன் படிப்பை முடித்ததும் தோல் வாங்கி விற்கும் வேலைக்கு வந்துவிடுவான் என்று அவர் நம்பியிருந்தார். இவனோ சாலிடரிங் இரும்பைப் பிடித்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்துவிட்டான். என்னை 'லுங்கி' என்றுதான் கூப்பிடுவான். "லுங்கி, இன்னா அந்த ஐசியையே மொறச்சிப் பாக்கற? பொண்ணா அது?" என்பான். நான் அவனை 'பாய்' என்பேன்.

பட்டறை திறந்த அன்று அவன் இரண்டு தோல் துண்டுகள் கொண்டுவந்தான். மாமாவின் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கூரைக்குக் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு ஓடும். ஒரே மோட்டார்தான் அதைச் சுற்றும். தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்கள் எல்லாம் பெல்ட் வழியாக அந்தத் தண்டிலிருந்து ஓட்டம் வாங்கும். தன் டிரம்மை ஓட்டத்தில் சேர்ப்பவன் மெயின் ஸ்விட்ச் பக்கத்து ஆணியில் தன் தோல் துண்டை மாட்டுவான், வேலை முடிந்ததும் அவனே கழற்றிக்கொள்வான். ஆணி காலியானால்தான் மோட்டாரை நிறுத்தலாம். அப்போதும் ஸ்விட்ச்காரர் சட்டென்று நிறுத்திவிட மாட்டார். "யார்னா இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். அடுத்தவன் துண்டைத் தொட்டால் ஷாப்பே கூடிச் சண்டைக்கு வரும். இதைச் சொல்லிவிட்டு, எங்கள் அறையில் ஒரு பலகையில் ஆணி அடித்து இரண்டு துண்டுகளையும் மாட்டினான். "ஒண்ணு உன்னுது, ஒண்ணு என்னுது. ரெண்டுல ஒண்ணு தொங்கற வரைக்கும் கடைய மூடக்கூடாது."

நாங்கள் செய்த பெட்டி, ஒரு டிரம்மைக் குறித்த நேரம் ஓடவிட்டுத் தானே நிறுத்தும். கேட்டால் சாதாரணமாக இருக்கும். ஆனால் சுண்ணாம்பில் ஊறிய தோலை மிருதுவாக்கும் கட்டத்தில் நேரம்தான் எல்லாம். மருந்து குறைந்த நேரம் வேலை செய்தால் தோல் விறைப்பாக நிற்கும், அதிக நேரம் வேலை செய்தால் நைந்துபோகும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகிற மாமா, மனசெல்லாம் டிரம்மிலேயே கிடக்க அரைகுறையாகத் தொழுதுவிட்டு ஓடிவருவார். கூட்டாளி அவரிடம் வைத்த பேச்சே அதுதான். "மாமு, இந்தப் பெட்டிய மாட்டுங்க. ஜும்மாவுக்கு நிம்மதியாப் போய்ட்டு வரலாம்." பெட்டி தேறினால் ஷாப்பில் எல்லா டிரம்முக்கும் அதையே போடுவதாகவும், மருமகனை அவன் வழியில் விட்டுவிடுவதாகவும் மாமா வாக்குக் கொடுத்தார். தேறாவிட்டால் அவன் சென்னைக்குப் போய்ப் பெரியமேட்டுத் தோல் கிடங்கில் உட்கார வேண்டும்.

பெட்டியின் மின்சுற்று அவனுடையது. உள்ளே எல்லாவற்றையும் மேய்க்கும் நிரல் என்னுடையது. கெர்னல் என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஒரு படிகத்தின் துடிப்பைச் சில்லு ஒன்று வகுத்துக் கிளைகளாகப் பிரிக்கும். ஒரு கிளை எண் காட்டும் முகப்புக்குப் போனது. இன்னொரு கிளை, டிரம் ஓடத் தொடங்கும்போது பட்டனை அழுத்தும்வரை அடிக்கும் எச்சரிக்கை மணிக்கும், டிரம்மின் நேரத்தை எண்ணும் பகுதிக்கும் பொதுவாகப் போனது. கரண்ட் போனால் பெட்டி பேட்டரியில் நேரத்தைக் காக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் கரண்ட் போவதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எந்தப் பகுதிக்கு வேலை முடிந்ததோ அதற்குப் போகும் துடிப்பைக் கெர்னல் உடனே நிறுத்திவிடும்படி எழுதியிருந்தேன். பேட்டரி நீடிக்கும்.

இதை விளக்கியபோது கூட்டாளி ஆணியைக் காட்டினான். "இதே மாதிரி பண்ணேன்பா. துடிப்பு வாங்கறவன்லாம் ஒரு துண்டு மாட்டட்டும். கடைசித் துண்டு எறங்கனப்பறம் நிறுத்து." ஒவ்வொரு கிளைக்கும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வைத்தால் போதும். சரியான யோசனை. நினைவகத்தில் இடமில்லை என்றேன். இடம் இருந்தது. எழுதிய சில்லை அழிக்க, பிஸ்கட் டின்னுக்குள் அவன் பொருத்தியிருந்த புறஊதா விளக்கில் வைத்துக் காத்திருந்து, மறுபடியும் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். எனக்குச் சோம்பல். அதைவிட, நான் சென்னையில் கற்ற கெர்னலுக்குள் தோல் ஷாப்பின் ஆணியைக் கொண்டுவருவதா என்ற கர்வம். "பாய், இது கம்ப்யூட்டர்யா. டேனரி இல்ல" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "செரிங்க சார்" என்றான். அதுவரை அவன் என்னைச் சார் என்றதில்லை.

பட்டறையில் எல்லாச் சோதனையும் நன்றாகவே நடந்தது. ஆனால் மணிச்சத்தம் பொறுக்காமல் வீட்டுக்காரர் மனைவி படியேறி வந்து, "இன்னா தம்பி, இது வீடா, ஃபயர் ஸ்டேஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து மணியின் ஒயரைக் கழற்றி வைத்திருந்தோம். அடிக்காத மணியை நிறுத்தும் பட்டனை யார் அழுத்துவார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை மாமாவின் ஷாப்பில், தனி மோட்டார் உள்ள ஒரு டிரம்மில் பெட்டியை மாட்டினோம். ஏற்றுமதிக்கான நல்ல ஆட்டுத்தோல். மருந்தைப் போட்டதும் மணி அடித்தது, டிரம் உருள ஆரம்பித்தது, முகப்பில் எண் குறைந்துகொண்டே வந்தது. மாமா காதைப் பொத்திக்கொண்டார். புது வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்ற கூட்டாளி, மாப்பிள்ளை மாதிரி நடந்து போய் மணி நிறுத்தும் பட்டனை அழுத்தினான். சத்தம் நின்றது. "வாங்க மாமு, இனிமே அது பாத்துக்கும்" என்று அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனான். வேலையாட்களும் கலைந்தார்கள். நான் தெருமுனை ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது டிரம் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. தொழுகை முடிந்து வந்தவர்களும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மாமா ஓடிப்போய் நிறுத்தி, ஒரு தோலை இழுத்து விரல்களுக்கு நடுவே கிள்ளினார். ஈரக் காகிதம் போல அது கிழிந்து வந்துவிட்டது. நான் முகப்பைப் பார்த்தேன். எண் அப்படியே உறைந்திருந்தது. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மணிக்கு வேலை முடிந்தது என்று என் கெர்னல் பொதுக் கிளையின் துடிப்பை நிறுத்தியிருக்கிறது. டிரம் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்த பகுதியும் அதோடு நின்றிருக்கிறது. நேரம் முடிந்தால்தானே டிரம் நிற்கும்?

"எவன் கை வெச்சான்?" என்றார் மாமா. கூட்டாளி, "நான்தான் மாமு மணிய நிறுத்தினேன்" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். விளக்கம் கேட்கிற பார்வை. நான் சொன்னேன்: "அந்தப் பட்டனை நடுவுல அழுத்தக் கூடாது."

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பொய் இல்லை. நான் வாழ்நாளில் சொன்னவற்றிலேயே மோசமான பொய்யும் அதுதான். மாமா அவனைத் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்டா வெளையாட்டு" என்றார்.

மறு வாரம் அவன் பட்டறைக்கு வந்து தன் பொருட்களை எடுத்துக்கொண்டான். ஆணியில் இருந்த துண்டை மட்டும் எடுக்கவில்லை. "அது இருக்கட்டும். பெரியமேட்ல ரெண்டு வருசம் குந்திட்டு வந்துருவேன், லுங்கி" என்றான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவன் படி இறங்கியதும் உட்கார்ந்து கெர்னலைத் திருத்தினேன். ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண்ணிக்கை. கடைசித் துண்டு இறங்கினால்தான் நிறுத்தம். அதற்குப் பிறகு பெட்டி ஒருமுறைகூடத் தவறவில்லை. வேறு சில ஷாப்புகள் வாங்கின. அதைக் காட்டித்தான் பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தது. பட்டறையை மூடியபோது என் துண்டைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். அவனுடையது தொங்கியது. இரண்டு வருடத்தில் அவன் வரவில்லை. கடிதங்கள் குறைந்து, நின்றும் போயின.

ஓய்வு பெற்றபின் வேலூருக்கே திரும்பினேன். போன மாதம், ஆம்பூரிலிருந்து மனைவியை ஆஸ்பத்திரியில் காட்ட வந்த அவன், யாரிடமோ விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். தாடி முழுக்க வெள்ளை. "இன்னா லுங்கி, வேட்டிக்கு மாறிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான். டீ வந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியதால், எல்லாவற்றையும் சொன்னேன். நினைவகத்தில் இடம் இருந்ததையும் சொன்னேன்.

அவன் தன் வலது கையைப் பார்த்தான். "அப்ப என் கை இல்லியா?" என்றான். இல்லை என்றேன். "ஷாப்ல எனக்குப் பட்டன் பாய்னு பேரு வெச்சாங்க. மாமு மவுத்தாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. வீட்ல புதுசா ஒரு மிஷின் வாங்கினா நான் தொட மாட்டேன். பசங்கதான் போடுவாங்க. கேலி பண்ணுவாங்க, நானும் சிரிப்பேன்." டீயை ஒரே மூச்சில் குடித்து டம்ளரை வைத்தான். "அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தின்னா, உன்னக் கண்டபடி திட்டியிருப்பேன். திட்டிட்டு உன்கூடவே இருந்திருப்பேன்டா."

எழுந்தபோதுதான் பலகையைப் பார்த்தான். "இத ஏன் இன்னும் கழட்டல?"

"நீ மாட்டினது."

கிட்டே போய், துண்டை ஆணியிலிருந்து மெதுவாகக் கழற்றினான். விரலால் ஒருமுறை கிள்ளிப் பார்த்தான். நல்ல தோல், நையவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மனைவி காத்திருப்பாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆணி இப்போது காலியாக இருக்கிறது. அந்த ஷாப்பின் வழக்கப்படி இனி மோட்டாரை நிறுத்தலாம். ஆனால் நிறுத்துவதற்கு முன் ஒரு குரல் கொடுப்பதும் அந்த வழக்கம்தானே. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கு பஸ் ஏறப் போகிறேன். அவன் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு, பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருப்பேன்.