முரளி வந்தாச்சு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். படூரில் ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை, எந்தக் கோளாறுக்கும் ஒரு ஒயர்தான் காரணமாக இருக்கும் என்று நம்புகிறவள், அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், சிரியுங்கள்.

என் கணவர் முரளிக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வந்தால் சாலிடரிங் அயர்னும் கையுமாகத்தான் இருப்பார். ஒரு தடவை ஆன்லைனில் மூன்று சிப் வரவழைத்தார், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும், தடி ஊசியால் தோலுக்கு அடியில் ஏற்றிக்கொள்ளலாம். டாக்டரிடம் போகலாம் என்று நான் கத்தக் கத்த, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏற்றிக்கொண்டார், அப்புறம் எனக்கும். ஒன்று மிச்சம். வாசல் கதவுக்கு அவரே ஒரு பூட்டும் செய்தார், கையை ஒட்டி வைத்தால் 'பீப்' என்று திறக்கும், திறந்தது யார் என்று என் போனுக்குச் செய்தி வரும்.

"இன்னாடா இது, மாட்டுக்குக் காதுல டோக்கன் மாட்ன மாதிரி கீது?" என்று அத்தை, அவருடைய அம்மா, தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மகாபலிபுரத்துக்குக் குளிக்கப் போனவரை அலை இழுத்துக்கொண்டது. படகுக்காரர்கள் தேடாத இடமில்லை. உடல் கிடைக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், அவர் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம், நானும் அத்தையும் ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம், பீப் என்றது, கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. போனில் 'முரளி வந்தாச்சு' என்று செய்தி, அவரே எழுதி வைத்திருந்த வாசகம். ஈரம் இறங்கியிருக்கும் என்று பூட்டைக் கழற்றித் துடைத்தேன், பேட்டரி மாற்றினேன், மறுநாளும் அதே. நம்பினால் நம்புங்கள், அப்புறம் அந்த நேரத்துக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

அத்தைதான் தாங்கவில்லை. "புள்ள வாசல்ல வந்து வந்து நிக்கிறாண்டி. வூட்டுக்குள்ளயும் வர முடியல, போவவும் முடியல. காரியம் பண்ணி அனுப்பி வுட்றலாம்."

"அவர் செத்துட்டார்னு யார் பாத்தா அத்தை?"

"பெத்தவ நான் சொல்றேன். எனுக்கு மட்டும் ஆசையாடி?"

பண்ணிவிடலாம் என்றேன்.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் உருவம் செய்து கொள்ளி வைப்பார்கள். மகாபலிபுரத்தில் ஒரு ஐயர் செய்துகொடுத்தார், முரளியின் வேட்டியைச் சுற்றினோம். அத்தை அந்தப் புல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் கையில கெடந்தது இதுல இல்லியே. அப்புறம் எப்படி இது அவன் ஆவும்?" என்றார். எனக்கும் அது முன்பே தோன்றியிருந்தது. மிச்சமிருந்த சிப்பில், முரளியின் சிப்பில் இருந்த அதே நம்பரை எழுதி எடுத்துப் போயிருந்தேன், லேப் புத்தி, செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டுமே. புல் கையில், கட்டைவிரல் பக்கத்தில், அதை நானே செருகினேன். எரிந்து முடிய ரொம்ப நேரம் ஆகவில்லை, புல்தானே.

அன்றோடு சரி. சாயங்காலம் கதவு திறக்கவில்லை, மறுநாளும் இல்லை. "போய்ட்டான்" என்று அத்தை நிம்மதியாக அழுதார். எனக்கு அப்படி இல்லை. தினமும் வந்துகொண்டிருந்தவரை நாங்களே வராதே என்று சொல்லிவிட்டோம்.

இன்னொன்று. அன்றைக்கு வீடு திரும்பியபோதே என் கைக்கும் பூட்டு திறக்கவில்லை. சாவி போட்டுத்தான் உள்ளே வந்தோம். சிப் உடைந்திருக்கும், எடுத்துவிடலாம் என்று ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க ஒண்ணுமே இல்லியேம்மா. ஏற்கெனவே எடுத்துட்டீங்களா?"

எடுக்கவில்லை. ஊசி ஏற்றிய பழைய தழும்பு மட்டும்தான் இருக்கிறது, வேறு ஒரு கீறல்கூட இல்லை. தன்னுடையதை எரித்துவிட்டார்களே என்று என்னுடையதை எடுத்துக்கொண்டாரா? நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன், லேபில் வேலை செய்கிற நான். ஆனால் எடுத்துக்கொண்டவர் வந்திருக்க வேண்டுமே, அந்தச் சிப்புக்குக் கதவு திறக்குமே, என் பெயரிலாவது போனுக்கு ஒரு செய்தி வந்திருக்குமே. இதுவரை ஒன்றும் வரவில்லை.